பேதையாற்றின் ஓடக்காரி

இருந்ததோ இல்லையோ, ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு ஆறு. ஊர் எங்கள் ஊர்தான். எங்கள் புத்த விகாரையில் ஆசைக்கு ஓர் அறையும் வெறுப்புக்கு ஓர் அறையும் கட்டி, இரண்டையும் உள்ளே வைத்துப் பூட்டியிருந்தார்கள். மூன்றாவதான மோகத்துக்கு, அதாவது உள்ளதை உள்ளபடி பார்க்கவிடாத மயக்கத்துக்கு, எந்த அறையும் போதவில்லை. அதனால் அதை ஊருக்குக் கிழக்கே திறந்துவிட்டார்கள். அது ஆறாக ஓடியது. பேதையாறு என்று பெயர்.

மோகம் உள்ளவர்களுக்கு அதில் இரண்டு ஆள் ஆழம் தண்ணீர். அதில் முழுகிச் செத்தவர்களும் உண்டு. மோகம் விட்டவர்களுக்கு அது வெறும் மணல். ஊரில் எல்லோருக்கும் தண்ணீர்தான் என்பதால் ஓடம் விட்டிருந்தார்கள். அக்கரையில் ஒரு தையல் கடையில் நான் காஜா எடுக்கிறேன். தினமும் போக ஒரு நடை, வர ஒரு நடை.

ஓடத்தை ஓட்டியவர் செங்கமலம் அக்கா. ஒரு செவ்வாய்க்கிழமை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது அவருக்கு மோகம் தெளிந்துவிட்டது. மிச்சம் இருந்ததையும் உரித்து வைத்துவிட்டுத் துறைக்கு வந்தார். ஓடத்தில் ஏறி உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த பின்பக்கம் மட்டும் தரை தட்டி நின்றது. முன்பக்கம் எங்களோடு தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது.

"தெளிஞ்சிருச்சு போல," என்றார் துறை மேஸ்திரி வீரபாகு.

"ஆமாங்க. மணல்தான் தெரியுது."

தெளிந்தவர்களுக்கு எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. மாலை போட்டு, மேளம் வைத்து, மேற்கே வழியனுப்பி வைப்போம். அவர்கள் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். கடைசியாக அப்படிப் போனவர் தபால்காரர். பையில் இருந்த கடிதங்களோடேயே போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள். புது ஓடக்காரர் வெள்ளிக்கிழமைதான் வருவதாக ஏற்பாடு. அக்காவின் கழுத்தில் மாலை விழுந்த நேரத்தில் ரஞ்சிதத்துக்கு வலி எடுத்தது. தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே கிடக்கிறது என்று மருத்துவச்சி முந்தின நாளே சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரி அக்கரையில்.

ரஞ்சிதத்தின் புருஷன் சோலையப்பன் அவளைத் தாங்கிக்கொண்டு துறைக்கு வந்தான். "அக்கா, எப்படியாவது கொண்டுபோய் விட்ருங்கக்கா."

"இது மணல்தாம்ப்பா. கைத்தாங்கலா நடத்திக் கூட்டிட்டுப் போயேன். ரொம்ப தூரமில்ல."

யார் சொன்னாலும் நம்புகிறவர் எங்கள் ஊர் பொன்னுரங்கம். "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும். நான் முன்னால போறேன், பார்த்து வாங்க," என்று குடையை விரித்துக்கொண்டு இறங்கினார். மூன்றாவது அடியில் குடை மட்டும் மிதந்தது. மேளத்தின் வாரைக் கழற்றி வீசி அவரைக் கரையேற்றினார்கள்.

"மணல்னு நம்பித்தானேக்கா இறங்கினேன்!"

"நம்புனீங்க. தெரியலியே," என்று அக்கா முந்தானையால் அவர் தலையைத் துவட்டிவிட்டார்.

ரஞ்சிதம் பல்லைக் கடித்துக்கொண்டு மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டாள். அக்கா அவளையே பார்த்தார். பிறகு மாலையைக் கழற்றி மேளக்காரர் கையில் கொடுத்துவிட்டு, ஓடத்துக் கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டார்.

வீரபாகு குறுக்கே வந்தார். "விதி விதிதாம்மா. தெளிஞ்சவங்க துடுப்பைத் தொடக்கூடாது."

"நான் எங்க துடுப்பைத் தொட்டேன்? கயிறைல்ல பிடிச்சிருக்கேன்."

கயிற்றைப் பற்றி விதியில் எதுவும் இல்லை என்று வீரபாகு ஒப்புக்கொண்டார். மேளக்காரர்களை நிழலில் உட்காரச் சொன்னார்.

ஏழு பேர் ஏறினோம். எங்களுக்கு ஓடம் மிதந்தது. அக்காவுக்கு அது மணலில் கிடந்தது. எங்கள் ஏழு பேரையும், ஏழு பேருடைய தண்ணீரையும் சேர்த்து இழுத்தார். ஆற்றின் மேல் அவர் முன்னால் நடந்துபோக, அலை அடித்து எங்கள் துணியெல்லாம் நனைந்தது. அவர் புடவையின் ஓரம் கூட நனையவில்லை. உச்சி வெயிலில் பாதங்கள் மட்டும் பழுத்துக்கொண்டு வந்தன.

"ஓடத்துக்குள்ள தண்ணி ஏறுதுப்பா!" என்று கத்தினார் பொன்னுரங்கம்.

"இறைங்க, இறைங்க. எனக்கும் கனம் குறையும்," என்றார் அக்கா.

இறைத்தோம். குறைந்தது.

நடு ஆற்றில் ஒரு சுழி உண்டு. ரஞ்சிதம் அதைப் பார்த்துவிட்டாள். "சுழிக்கா! ஐயோ, சுழி!" என்று சோலையப்பனின் கையைப் பிறாண்டினாள்.

அக்கா நின்றார். அவருக்கு முன்னால் எதுவும் இல்லை. நேராகப் போயிருந்தால் கரை கிட்டத்தில்தான்.

"சுழி எந்தப் பக்கம்மா? கையைக் காட்டு."

அவள் இடது பக்கம் காட்டினாள். அக்கா வலது பக்கமாக, தனக்கு இல்லாத அந்தச் சுழியைச் சுற்றி, சுடுமணலில் இருநூறு அடி கூடுதலாக எங்களை இழுத்துப்போனார். ரஞ்சிதத்தின் மூச்சு நிதானத்துக்கு வந்தது. எனக்கு விகாரையில் விழுந்து கும்பிட்ட நாட்கள் பல உண்டு. அன்றைக்கு ஓடத்தில் உட்கார்ந்தபடியே கை தானாகக் குவிந்தது.

அக்கரை சேர்ந்தோம். ரஞ்சிதத்தைக் கரையோரத்து ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோனார்கள். நானும் அக்காவும் கரையிலேயே இருந்தோம். வெயில் தாழும்போது சோலையப்பன் வாசலுக்கு ஓடி வந்தான்.

"பொம்பளைப் பிள்ளைக்கா! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க!"

சொல்லிவிட்டு உள்ளே ஓடினான். மற்றவர்கள் அதற்கு முன்பே அவரவர் வேலைக்குப் போயிருந்தார்கள்.

அக்காவின் காலெல்லாம் கொப்புளம். ஆற்றிலிருந்து தண்ணீர் அள்ளி வந்து ஊற்றினேன். அவர் சிரித்துக்கொண்டே மணலைத் தட்டிவிட்டார். "போதும் தம்பி."

"நாளைக்குப் புது ஆள் வந்துருவாருக்கா. நீங்க மேற்கே போகலாம்."

"வரட்டும். அவருக்கும் தெளிஞ்சா ஆளுக்கு ஒரு கயிறா இழுக்கலாம். அந்தக் கரையில எத்தனை பேர் நிக்கிறாங்க, பாரு."

கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தேன். "பதினொரு பேர்."

"அப்ப வர்றேன் தம்பி."

ஆள் இல்லாத ஓடத்துக்குக் கனம் கிடையாது. அக்கா அதை ஒரு முறை உதறி, நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, காத்திருந்த பதினொரு பேரை நோக்கி ஆற்றின் மேல் நடந்து போனார்.