பதினேழா பத்தொன்பதா

…கறுத்துத்தான் போச்சு, ஓம், நான் நினைத்ததுதான், மூன்று மணித்தியாலம் சுடுநீருக்குள் நிறுத்தி வைத்த சோதனைக்குழாயை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்கிறேன், விலைகூடின ஒயிலுக்குள் கிடந்த செப்புத் துண்டு பழைய ஒருசத நாணயக் குத்தியின் நிறமாகிவிட்டது, மற்றக் குழாயில் சாதாரண ஐம்பதாம் நம்பர் ஒயில், அதற்குள் கிடந்த துண்டு போட்ட மாதிரியே சிவப்பாக மினுங்குகிறது… இருபத்தாறு வருஷம் பிள்ளைகளுக்கு இரசாயனம் படிப்பித்து என்ன கண்டேன் என்று சில நாள் தோன்றும், இதையாவது கண்டேன், அந்த ஒயிலில் கந்தகம் கூட, இந்தக் கியர்ப்பெட்டிக்குள் இருக்கிற வெண்கலப் புஷ்களை அது மெல்ல மெல்லத் தின்றுவிடும், ஆகவே ஐம்பது, ஒயில் விஷயம் முடிந்தது. ஒயிலில் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. பக்கத்துத் தோட்டத்தில் சீவரத்தினம் அண்ணை வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கிறார், மெசின் ஒரே சுருதியில் போய்க்கொண்டிருக்கிறது, தகரக்கொட்டிலுக்குள் பின்னேர வெயில் சாய்ந்து விழுகிறது, என் கணவர் றொபின் மோட்டார் சைக்கிளுக்கு அடியில் தட்டை வைத்துவிட்டுப் போயிருக்கிறார், பழைய ஒயில் பனங்கட்டிப் பாகு மாதிரி நூலாக இறங்குகிறது, அறுகிறது, திரும்ப இறங்குகிறது… இதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் சனிக்கிழமை வராமலே போய்விடும் போல இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை, தெற்கில் ஒரு பழைய விமான ஓடுபாதையில், பழைய மோட்டார் சைக்கிள்களுக்கான ஓட்டம். எங்களுடைய சைக்கிள் ஐம்பத்தாறாம் ஆண்டு பிஎஸ்ஏ, றொபினைவிடப் பத்து வயது மூப்பு.

மர வாங்கின் மேல் இரண்டு பல்சில்லுகள் கிடக்கின்றன, செயின் ஓடுகிற முன் பல்சில்லு, ஒன்றுக்குப் பதினேழு பல்லு, மற்றதற்குப் பத்தொன்பது. பல்லுக் கூடினால் நேர்ப்பாதையில் வேகம் கூடும், குறைந்தால் புறப்படும்போது இழுவை நல்லாயிருக்கும், ஆனால் கடைசியில் எஞ்சின் எவ்வளவு கத்தினாலும் அதற்குமேல் போகாது. கணக்கு என்னுடையது, எப்போதும் என்னுடையதுதான், பத்தொன்பதென்றால் நூற்றிநாற்பத்தைந்து கிலோமீற்றர், பதினேழென்றால் நூற்றிமுப்பது, அவ்வளவு நீளமான பாதைக்குப் பத்தொன்பதுதான் சரி என்று எந்தப் பிள்ளையும் சொல்லும். போன வருஷமும் அதுதான் சரி. நான் பதினேழைப் பூட்டிவிட்டுப் பத்தொன்பது என்று சொன்னேன். அவருக்குத் தோள் உயராது, அதற்கு முந்தின வருஷம் விழுந்த தோள், பெரிய நட்டை இறுக்க ஏலாது, அதனால் பூட்டுகிற வேலை என் கைக்கு வந்தது, வந்த கை சும்மா இருக்கவில்லை… அந்த முந்தின வருஷம், நேர்ப்பாதை முடிகிற வளைவில் பிறேக் பிந்திப்போய் அவர் சறுக்கினதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தமே கேட்கவில்லை, தூசி எழும்பினது, வெள்ளையாக, மெதுவாக, யாரோ துணி உதறினது மாதிரி, எனக்கு அந்த நேரத்தில் தபால் கந்தோரில் வாங்க மறந்த முத்திரை ஞாபகம் வந்தது, ஏன் முத்திரை, மனம் எங்கே ஓடி ஒளிந்தது அப்போது… போன வருஷம் அவர் ஆறாவதாக வந்தார். சிரித்துக்கொண்டே தலைக்கவசத்தைக் கழற்றினார். நானும் சிரித்தேன். ஊர் வந்து சேரும்வரை வான் வண்டிக்குள் அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார், களைப்பு என்று நினைத்தேன், நினைத்தேனா, நினைக்க விரும்பினேனா.

செருப்புச் சத்தம். றொபின் தேத்தண்ணியோடு வருகிறார், குழாய்களைப் பார்க்கிறார், “ஐம்பதோ?” என்கிறார், “ஓம், மற்றது புஷ்ஷை அரிக்கும்” என்கிறேன், தலையாட்டுகிறார், ஒயிலில் என்னை அவர் ஒருநாளும் கேள்வி கேட்டதில்லை. பிறகு பல்சில்லுகளைப் பார்க்கிறார். நான் பதினேழின் மேல் கை வைத்திருக்கிறேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிகிறது.

“போன முறை பதினேழெல்லே போட்டனீர்.”

கோபமில்லை, மழை பெய்ததே என்று சொல்கிற மாதிரிச் சொல்கிறார். யார் சொன்னது என்று கேட்கிறேன், குரல் வேறு யாருடையதோ போல இருக்கிறது. “எஞ்சின்தான். பாதை முடிய இன்னும் இருநூறு மீற்றர் கிடக்கேக்குள்ளையே கத்தத் துவங்கிட்டுது. வீட்டை வந்து சோக்கட்டியாலை அடையாளம் வைச்சு எண்ணியும் பாத்தனான்.” ஒரு வருஷம். ஒரு வருஷமாக என் பக்கத்தில் படுத்து எழும்பி, ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்து நின்று… “பின்னை ஏன் கேக்கேல்லை?” “நீர் சொல்லுவீர் எண்டு இருந்தனான்.” தேத்தண்ணியை என் பக்கம் தள்ளுகிறார். “இந்த முறையும் எதையெண்டாலும் பூட்டும் ஹன்னா, நான் ஓடுவன். ஆனால் எதெண்டு சொல்லிப்போட்டுப் பூட்டும்.”

சொல்வதென்றால் என்ன, ஒரு எண்தானே, பத்தொன்பது என்றால் நானே அவரை அனுப்புகிறேன், பதினேழு என்றால் அவருக்கு முன்னால் மறைக்க ஒன்றுமில்லாமல் வெறுங்கையோடு நிற்கிறேன், களவாகப் பூட்டினபோது இரண்டும் இருக்கவில்லை, ஒரு ஸ்பனர் சாவியும் ஒரு நட்டும் மட்டும்தான் இருந்தன… இருபத்துநான்கு வருஷத்தில் இந்த ஒரு சொல்லை நான் அவரிடம் சொன்னதில்லை, கணக்காகச் சொல்லியிருக்கிறேன், ஒயிலாக, பல்லாக, மருந்தாகச் சொல்லியிருக்கிறேன். “எனக்குப் பயமாக் கிடக்கு.”

“ஓம், தெரியும்,” என்கிறார். என் கையைப் பிடிக்கிறார், இரண்டு பேருடைய கையிலும் ஒயில், வழுக்குகிறது. அடுத்ததாக, அப்ப நான் ஓடேல்லை, விடுவம், என்று சொல்வார், சொல்லப்போகிறார், நான் காத்திருக்கிறேன்… “எத்தினை பல்லு?” என்கிறார்.

பத்தொன்பது, என்கிறேன். அவர் பெரிய சாவியை எடுத்து என்னிடம் நீட்டுகிறார். பயம் போகவில்லை, இருந்த இடத்தில்தான் இருக்கிறது, ஆனால் அவர் விடுவம் என்று சொல்லாத அந்தக் கணத்தில் எனக்குள் ஏதோ லேசாகிப்போனதே, அது ஏன், நான் இவ்வளவு நாளும் பயந்தது அவர் விழுவதற்கா, அல்லது நான் கேட்டால் நின்றுவிடுவாரே என்பதற்கா…