பேனரில் ஓட்டை போட இடமில்லை

வேலை கிடைக்கும் முன்பே சோலையப்பன் மாமா எனக்கு பேனர் வைத்துவிட்டார்.

பெங்களூரில் சின்ன விமானங்களுக்கு இறக்கை வடிவமைக்கும் கம்பெனி அது. வெள்ளிக்கிழமை கடைசி நேர்காணல், வீட்டிலிருந்தே வீடியோவில். இதுவும் போனால் இலுப்பூர் ஜவுளிக்கடையில் பில் போட்டே காலம் போய்விடும். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். ஏரோஸ்பேஸ் இன்ஜினியரிங் படித்துவிட்டு நைட்டிக்கு பில் போட்டுக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினால், எங்கள் ஊர் முக்கத்தில் எவனோ ஒரு விண்வெளி வீரனின் உடுப்புக்கு மேல் என் தலை. 'விண்ணை ஆளப்போகும் எங்கள் குலவிளக்கு புவனேஸ்வரி.' என்னைவிடப் பெரிதாக மாமா, கூலிங்கிளாஸ் போட்டு, செல்போனில் பேசியபடி. மீதி இடமெல்லாம் சொந்தக்காரர்களின் தலைகள். மாமா பக்கத்திலேயே நின்று ரசித்துக்கொண்டிருந்தார்.

“மாமா, நான் ராக்கெட்ல ஏறப்போற ஆளு இல்ல. எறக்கை டிசைன் பண்ற வேல. அதுவும் இன்னும் கெடைக்கல.”

“கெடைக்காம எங்க போகுது? அதான் பேனரே வெச்சாச்சுல்ல.”

“ஆடிக் காத்து இந்த அடி அடிக்குது. கம்ப ஒரு சாண்கூட ஆழமா நடல. காத்து புகுந்து போக அங்கங்க ஓட்டையாச்சும் போட்டு விடுங்க.”

மாமா அண்ணாந்து பேனரை ஒரு சுற்றுப் பார்த்தார். “யாரு மூஞ்சில போடச் சொல்ற? ஆண்டிச்சாமி மச்சான் மூஞ்சிலயா? காதுகுத்துப் பத்திரிகைல பேரக் கீழ போட்டதுக்கே மனுசன் இன்னும் பேச மாட்டேங்கிறாரு.”

“ஒங்க மூஞ்சில போடுங்க. அங்கதான் எடம் நெறையா இருக்கு.”

“இந்த வாய வெச்சுக்கிட்டு நாளைக்கு இன்டர்வியூல உக்காராத தாயி.”

மறுநாள் திரையில் கண்ணாடி போட்ட ஒரு மேடம் வந்தார். இரண்டாவது கேள்விக்கு நான் வாயைத் திறந்தபோது வெளியே படார் என்று ஒரு சத்தம். ஃபேன் நின்றது, வைஃபை போனது, மேடமும் போனார்.

வாசலிலிருந்து அம்மா கத்தினாள். “ஏ புவனா, ஒந்தல கரண்டு கம்பில தொங்குதுடி.”

செல்போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். சிக்னல் கிடைத்து மறுபடி சேர்ந்ததும், என்ன ஆயிற்று என்று மேடம் கேட்டார். பொய் சொல்லும் பொறுமை எனக்கு இல்லை. பேனர், மாமா, ஆண்டிச்சாமி மூஞ்சி எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னேன்.

மேடம் சிரிக்கவில்லை. “பேனர் என்ன அளவு? காற்று அதை எவ்வளவு தள்ளியிருக்கும்?”

பதினைந்துக்குப் பத்தடி. அடித்த காற்றை உத்தேசமாக வைத்து அங்கேயே கணக்குப் போட்டேன். ஏறக்குறைய நூற்றைம்பது கிலோ; இரண்டு நெல் மூட்டையின் பாரம், பக்கவாட்டில்.

“ஓட்டை போட்டிருந்தால் நின்றிருக்குமா?”

நேற்று மாமாவிடம் அவ்வளவு வீறாப்பாகச் சொன்னது ஞாபகம் வந்தது. “நின்றிருக்காது மேடம். ஓட்டையால் பாரம் கொஞ்சம்தான் குறையும். கம்பை ஆழமாக நட்டிருக்க வேண்டும். சரியான டிசைன் என்று கேட்டால், பேனரே வைத்திருக்கக் கூடாது.”

இப்போதுதான் மேடம் சிரித்தார். “எங்கள் மீட்டிங்கில் ‘இது வேண்டவே வேண்டாம்’ என்று சொல்ல ஆள் இல்லாமல்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.”

அடுத்த வாரம் வேலை உறுதியானது. அன்று சாயங்காலமே மாமா செல்போனில் புது பேனரின் படத்தோடு வந்து நின்றார்.

“நீ சொன்னபடியே இந்தத் தடவ நடுவுல பெரிய ஓட்டையாப் போட்டாச்சு.”

பார்த்தேன். எல்லாத் தலைகளும் பத்திரமாக இருந்தன. விண்வெளி உடுப்புக்கு மேல் மட்டும் வட்டமாக வெறும் வெள்ளை.

“என் தல எங்க மாமா?”

“ஒனக்குத்தான் பேனரே பிடிக்காதே. மத்தவுக கோவிச்சுக்குவாகல்ல.”

கடப்பாரையை எடுத்துக்கொண்டு முக்கத்துக்குப் போனேன். கம்பு நடும் குழியையாவது மூன்றடிக்கு நானே தோண்டினேன்.