லிஃப்டும் வாத்தும்

வெளியே ஜூலை வெயில் கொளுத்தியது, ஸ்டுடியோவுக்குள் புத்தாண்டு. 1956இல் மாஸ்கோவில் பாட்டும் வேடிக்கையுமாக ஒரு படம் எடுத்தார்கள். விழா மண்டபக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. ஃபிர் மரமெல்லாம் பஞ்சுப் பனி. வெல்வெட் கவுனுக்குள் நான் வெந்துகொண்டிருந்தேன்.

மேடையில் அர்க்காதி சவேலியெவிச், பெரிய ஒட்டுமீசையோடு, நடுவழியில் நின்றுபோன லிஃப்டைப் பற்றி ஒரு நகைச்சுவை சொல்வார். நாங்கள் சிரிக்க வேண்டும். காலையில் நன்றாகவே சிரித்தோம். மதியத்துக்குள் சிரிப்பு வற்றிவிட்டது.

"இழவு வீட்டுக்கா வந்திருக்கீங்க?" என்று இயக்குநர் கத்தினார்.

என் பக்கத்தில் இருந்த புரோகர் யெவ்சேயெவிச் மட்டும் ஒவ்வொரு தடவையும் வயிறு குலுங்கச் சிரித்தார். அது நடிப்பில்லை, கண்ணில் நீரே வந்தது. அப்படி என்னதான் இருக்கிறது அந்த லிஃப்டில்? இடைவேளையில் கேட்டேன். அவர் திரும்பவே இல்லை. தோளைத் தொட்டேன்.

"என் முகத்தைப் பாத்துப் பேசு மகளே. போர்ல பீரங்கிச் சத்தம் காதைத் தின்னுடுச்சு."

"கேக்காமயா இவ்ளோ சிரிக்கிறீங்க?"

"அந்த மீசை வாயையே மூடுது, உதட்டையும் படிக்க முடியல. கையைப் பாத்துதான் புரிஞ்சுக்கிட்டேன். மாமியாருக்கு ஒரு வாத்தை டிராம்ல கொண்டு போறாரு. கோட்டுக்குள்ள ஒளிச்சா, கண்டக்டர் வரும்போதெல்லாம் அது தலையை நீட்டுது!"

மறுபடி கேமரா ஓடியது. அர்க்காதி லிஃப்டின் பொத்தானை அமுக்கினார். இல்லை, வாத்தின் தலையைத்தான் அமுக்கினார்! நான் வெடித்துச் சிரித்துவிட்டேன்.

"நிறுத்து! யாரது? லிஃப்ட் இன்னும் கிளம்பவே இல்ல, அதுக்குள்ள என்ன சிரிப்பு?" என்றார் இயக்குநர்.

எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். அர்க்காதி மேடையிலிருந்து இறங்கி வந்து, வேர்வையில் பாதி கழன்ற மீசையை முழுக்கப் பிய்த்துவிட்டு, புரோகரின் எதிரே குந்தினார்.

"அந்த வாத்துக் கதையை எனக்கும் சொல்லுங்க ஐயா."

கேட்டு முடித்ததும் இயக்குநரிடம் திரும்பினார். "இதையே பேசிடறேனே?"

"மேலிடம் லிஃப்டுக்குத்தான் அனுமதி கொடுத்திருக்கு. வாத்துக்கு யாரு பொறுப்பு?"

அர்க்காதி வாதாடவில்லை. வாயால் லிஃப்டைப் பேசினார். கையால் வாத்தோடு மல்லுக்கட்டினார். அதற்குள் கதை கடைசி வரிசைவரை பரவியிருந்தது. மண்டபமே அதிர்ந்தது. இயக்குநரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

டிசம்பரில் படம் வந்தது. புரோகரையும் கூட்டிக்கொண்டு எங்கள் தெரு அரங்குக்குப் போனேன். வாத்தைப் பற்றி அங்கே எவருக்கும் தெரியாது. ஆனாலும் அந்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள்.

பின்னாலிருந்து ஒருத்தி தன் கணவனிடம் கேட்டாள்: "லிஃப்டுக்குள்ள எதையோ கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்கிறானே, என்ன அது?"

"தெரியலடி. ஆனா அதுக்கு உசிரு இருக்கு."

இருட்டில் என் உதடு புரோகருக்குத் தெரியாது. விளக்கு வரட்டும், இதை அவரிடம் சொல்லலாம் என்று அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.