டில்லி லைன்

அம்சவள்ளி கள்ளக்குறிச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. லைன்மேனாக இருந்த அவளுடைய அப்பா கம்பத்திலிருந்து விழுந்து செத்ததற்காகக் கொடுத்த வேலை. காலை ஆறு மணி டியூட்டி என்றால் நாலரைக்கு எழுந்து, இட்லி ஊற்றி, மகள் சுபஸ்ரீயின் யூனிபாரத்தை மடித்து வைத்து, கணவன் தீனதயாளனுக்குச் சாப்பாடு கட்டிவிட்டு ஓட வேண்டும்.

தீனதயாளன் பள்ளிக்கூட வாத்தியார். எழுந்ததும் பேப்பரை விரித்துக்கொண்டு, பீரங்கி பேரத்தில் யார் தின்றது, டில்லியில் எந்த மந்திரி எந்தப் பக்கம் சாய்கிறான் என்று உரக்க விளக்கம் சொல்வார். "நாடே நாறிக்கினு போவுதுடி" என்பார். அவர் காப்பி குடித்த டம்ளர் நாற்காலிக்கு அடியிலேயே கிடக்கும். சாயந்தரம் அவள் டியூட்டி முடிந்து வரும்போது அதில் எறும்பு மொய்த்திருக்கும்.

1987 செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல் தொடங்கியது. முதல் நாளே மரங்களை வெட்டி ரோட்டில் போட்டார்கள். உளுந்தூர்பேட்டையில் லாரிகள் மைல் கணக்கில் நின்றன. கள்ளக்குறிச்சிக்கு ஒரு பஸ்கூட வரவில்லை. எக்ஸ்சேஞ்சில் மற்ற ஆபரேட்டர்கள் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் என்பதால், நடந்து வரக்கூடிய தூரத்தில் இருந்த அம்சவள்ளிதான் காலையிலிருந்து பொழுது சாயும்வரை லைன் இணைக்கும் போர்டில் உட்கார வேண்டியிருந்தது.

கோரிக்கையில் அவளுக்கு மாறுபட்ட எண்ணம் இல்லை. அவளும் பிற்படுத்தப்பட்ட சாதியில் பிறந்தவள்தான். பெரிய அதிகாரிகள் ஆய்வுக்கு வரும்போதெல்லாம் அவள் கவனித்திருக்கிறாள். நாற்காலியில் உட்காருகிறவர்களின் பேச்சு வேறாக இருக்கும். கூட்டிப் பெருக்குகிறவர்களின் பேச்சு தன்னுடைய பேச்சாக இருக்கும். டில்லி சர்க்கார் வேலையில் பிற்படுத்தப்பட்டவர்களுக்கென்று அப்போது ஓர் இடம்கூட ஒதுக்கப்படவில்லை. மண்டல் கமிஷன் அறிக்கை ஏழு வருடமாக அங்கே தூசி படிந்து கிடந்தது. கேட்டால் கொடுக்காதபோது ரோட்டில்தான் உட்காருவார்கள் என்று அவள் நினைத்தாள்.

அவளுக்குக் குமட்டியது வேறு விஷயம். லைன் சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க ஆபரேட்டர் இடையிடையே காது கொடுத்துக் கேட்க வேண்டும். அப்படிக் காதில் விழுந்ததை வெளியே சொல்லக் கூடாது. பதினோரு வருடமாக அவள் சொன்னதில்லை, தீனதயாளனிடம்கூட.

வடக்கனந்தல் அரங்கநாதன் நாற்பது ஏக்கர் நஞ்சைக்காரர். அந்தப் பகுதி போராட்டக் குழுவுக்கு அவர்தான் தலைவர். மூன்றாம் நாள் மெட்ராஸிலிருக்கும் தன் மச்சானோடு அவர் பேசியது அம்சவள்ளி காதில் விழுந்தது.

"ஒம்போது புளியமரம்யா, ஒவ்வொண்ணும் கட்டிப்புடிக்க ரெண்டு ஆளு வோணும். சும்மா கெடக்குது. செவ்வாக்கெழமை ரெண்டு லாரி அனுப்பு. நம்ம பசங்க வழி வுடுவாங்க."

"என் தம்பியும் ரோட்டுக்குப் போறேன்னு துடிக்கிறான் மாமா."

"அவன எதுக்கு வுடற? என் புள்ளையவே காலேஜ் ஆஸ்டல்ல இரு, இந்தப் பக்கம் தல காட்டாதன்னு சொல்லிட்டேன். இங்க அடி வாங்கறதுக்கு ஆளு ஜாஸ்தியாவே கீறானுங்க."

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அம்சவள்ளி தண்ணீர் குடித்தாள். அந்தப் புளியமரங்களை வெட்டியவர்களில் பாவாடை என்பவனை அவளுக்குத் தெரியும். வடக்கனந்தலில் கூலி வேலை செய்கிறவன். பத்தாவது பாஸ் செய்துவிட்டு, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவைப் புதுப்பிக்க வரும்போதெல்லாம் பக்கத்தில் இருக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் வந்து, "அக்கா, இங்க எதனா வேல போட்டாங்கன்னா சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுப் போவான். இருபத்தைந்து வயது. மறியலுக்கு முந்தைய நாளும் வந்து, "இந்த வாட்டி கெடைச்சிடும்க்கா" என்று சிரித்தான்.

ஐந்தாம் நாள், திங்கட்கிழமை. காலை பத்து மணிக்கு அரங்கநாதன் டில்லிக்கு ஒரு லைட்னிங் கால் பதிவு செய்தார். சாதாரண வெளியூர் டிரங்க் காலைப்போல எட்டு மடங்கு கட்டணம். எல்லாரையும் தள்ளிவிட்டு அதற்குத்தான் முதலில் லைன் கொடுக்க வேண்டும். எம்.பி. ஒருவரின் வீட்டு நம்பர். அம்சவள்ளி மெட்ராஸ் வழியாக இணைத்துக் கொடுத்தாள்.

அதே நேரத்தில் தீனதயாளன் சுபஸ்ரீயைக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். பள்ளிக்கூடம் மூடி ஐந்து நாளாக வீட்டில்தான் இருந்தார்.

"புளி எந்த டப்பால வச்சிருக்க?"

"அடுப்புக்கு மேல, செவப்பு மூடி."

"தேடிப் பாத்துட்டேன். இல்ல. நீ அஞ்சு நிமிஷம் வந்துட்டுப் போயேன்."

"போர்டுல ஆளு இல்லங்க."

"டில்லிக்காரன் நம்மள மதிக்கிறதில்லன்னு ஊரே ரோட்டுல நிக்குது. நீ டில்லிக்கு லைன் குடுத்துக்கினு கெட" என்று சொல்லிவிட்டு அவர் போனார். அம்மாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே சுபஸ்ரீயும் போனாள்.

பத்தே முக்காலுக்கு போர்டில் வடக்கனந்தல் போஸ்ட் ஆபீஸ் விளக்கு எரிந்தது. பேசியது சாலம்மாள், மலை மேல் கரியாலூரில் வேலை பார்க்கும் நர்ஸ். மூச்சு வாங்கியது.

"எக்ஸ்சேஞ்சுங்களா? யாராச்சும் ஒதவி பண்ணுங்கம்மா. மலையிலேர்ந்து ஒரு பொண்ண ஜீப்ல கொண்டாந்திருக்கேன். ரெண்டு நாளா வலி. கொழந்த குறுக்க கெடக்குது. இங்க மரத்தப் போட்டு மறிச்சு வச்சிருக்காங்க."

"மரத்த நகத்தச் சொல்லுங்க. பொம்பள உசுருன்னா விட மாட்டாங்களா?"

"பசங்க நல்லாத்தான் பேசறாங்க. ஆனா அரங்கநாதன் அய்யா சொல்லாம ஒரு கெளையக்கூட தொட மாட்டோம்னு பயப்படறாங்க. அவரு வூட்டுக்குப் போனேன். அய்யா டில்லி கூட பேசறாரு, குந்துன்னு வாசல்ல குந்த வச்சாங்க. அரை அவரு ஆச்சு. எழுந்து ஓடியாந்துட்டேன்."

அம்சவள்ளி போர்டைப் பார்த்தாள். அரங்கநாதனின் டில்லி லைன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. போர்டின் சாவியைத் தட்டி அவர்கள் பேசுவதைக் கேட்டாள்.

"மத்த தாலுக்காவுல எல்லாம் துப்பாக்கிச் சூடு நடந்து பேப்பர்ல பேரு வந்துடுச்சுங்க" என்று அரங்கநாதன் சொல்லிக்கொண்டிருந்தார். "நம்ம பக்கம் இதுவரைக்கும் சாவு ஒண்ணும் இல்ல. அதான் மேலிடத்துல நம்மள யாருன்னு கேக்கறாங்க. ஒண்ணு ரெண்டு உழுந்திருந்தா இந்நேரம் நம்ம ஏரியாவுக்கும் ஒரு மதிப்பு வந்திருக்கும்."

டில்லியில் எதிர்முனையில் இருந்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இன்னும் ரெண்டு நாள் இருக்கில்ல. பாக்கலாம். உங்க ஏரியாவுல மொத்தம் எவ்ளோ ஓட்டு?"

லைட்னிங் காலை ஆபரேட்டர் துண்டிக்கக் கூடாது. துண்டித்தால் வேலை போகலாம். அது அம்சவள்ளிக்கு நன்றாகத் தெரியும். அவள் பிளக்கைப் பிடுங்கினாள். டில்லி போய்விட்டது, அரங்கநாதன் மட்டும் லைனில் இருந்தார்.

"ஹலோ? ஹலோ?"

"அய்யா, எக்ஸ்சேஞ்சிலேர்ந்து பேசறேங்க. உங்க வூட்டாண்ட ஒரு ஜீப் நிக்குதுங்க. புள்ளத்தாச்சிங்க. மரத்த நகத்தச் சொல்லிட்டீங்கன்னா..."

"எவ அவ, டில்லி லைன கட் பண்ணது?"

"நான்தாங்க. அந்தப் பொண்ணு செத்துடும்ங்க."

"மலைக்காரிதான? அவங்க காட்டுலயே பெத்துக்கினு எழுந்து வேலைக்குப் போறவங்க. அவங்களுக்குத்தான் சர்க்காரு தனி கோட்டா குடுத்து வச்சிருக்குதே. அந்த கோட்டாவ இட்டாந்து மரத்தத் தூக்கச் சொல்லு."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். தன் வேடிக்கையை ரசித்த சிரிப்பு. அம்சவள்ளிக்கு அழுகின எதையோ தெரியாமல் கடித்துவிட்டது போல வாயெல்லாம் கசந்தது. எட்டு மடங்கு கொடுத்து டில்லிக்குப் பேசுகிறவன் குரலும் டில்லியிலிருந்து பேசியவன் குரலும் ஒன்றுபோல இருந்ததை அப்போதுதான் உணர்ந்தாள். மெட்ராஸுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள்தான் நம்மை எண்ணிக்கையாகப் பார்க்கிறார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். இவரும் அப்படித்தான் பார்க்கிறார்.

"நாளைக்கு உங்க மச்சான் லாரி ரெண்டு வருதுங்களே அய்யா" என்றாள். "அதுக்கு மட்டும் வழி வுடுவாங்களா?"

அரங்கநாதன் குரலைத் தாழ்த்தினார்.

"ஒட்டுக் கேக்கறியா?"

"ஆமாங்க. கேட்டேன். அந்த ஜீப்பு இந்தப் பக்கம் வரலன்னா, உங்க பசங்ககிட்ட யாரு காதுல அதப் போடணுமோ அவங்க காதுல போடுவேன்."

போன் வைக்கும் சத்தம் கேட்டது.

அதன்பின் நடந்ததைச் சாலம்மாள் பிறகு சொன்னாள். அரங்கநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்து, ஜீப்புக்குள் எட்டிப் பார்த்து, "அடப் பாவிங்களா, ஒரு தாய்க்கு வழி வுடாம இன்னாடா போராட்டம்?" என்று பையன்களைத் திட்டினாராம். அவர்கள் தலை குனிந்து நின்றார்களாம். மரத்தை அறுத்து நகர்த்த ஒரு மணி நேரமாவது ஆகும். பாவாடைதான், "அறுக்க வேணாம், தூக்கிடலாம்" என்று கயிற்றுக் கட்டில் ஒன்றைக் கொண்டுவந்தான். மலைக்காரியின் பெயர் குஞ்சம்மாள். பத்தொன்பது வயது. அவளைக் கட்டிலோடு நாலு பேர் மரங்களுக்கு மேலே தூக்கி இந்தப் பக்கம் இறக்கி, ஒரு டிராக்டர் பெட்டியில் ஏற்றினார்கள். ரோட்டில் இன்னும் நாலு இடத்தில் மறித்திருந்தார்கள். பாவாடை சைக்கிளில் முன்னால் போய் ஒவ்வொரு இடத்திலும் கத்தி வழி ஏற்படுத்திக் கொடுத்தான்.

கள்ளக்குறிச்சியில் பெரிய டாக்டர் ஒருவர் வீட்டுக்குப் போனார்கள். குழந்தை செத்துத்தான் பிறந்தது. குஞ்சம்மாள் பிழைத்தாள். வாசலில் சைக்கிளோடு நின்ற பாவாடையைப் போலீஸ் பிடித்தது. கேரியரில் கோடாலி கட்டியிருந்தது. ஒன்பது மரங்களையும் அவன் ஒருவனே வெட்டியதாகக் கேஸ் எழுதினார்கள். அரங்கநாதன் பெயர் அதில் இல்லை. இரண்டு நாள் கழித்துப் பேப்பரில் அவர் படம் வந்தது. மலைவாழ் பெண்ணுக்கு வழிவிட்ட தலைவரின் மனிதாபிமானம் என்று போட்டிருந்தார்கள். தீனதயாளன் அதை உரக்க வாசித்து, "இவன் ஒருத்தனாவது மனுசனா கீறான்" என்றார்.

அம்சவள்ளி கொல்லைப்பக்கம் போய் வாந்தி எடுத்தாள்.

திரும்பி வந்து அன்றைக்கு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பேப்பரை மடித்து வைத்தார். "உனக்கு எதுக்குடி இந்த வம்பு?" என்றார். "வேல போச்சுன்னா இன்னா பண்ணுவ?" கூட்டம் கூட்டமாக ரோட்டில் நின்றவர்களை வீரர்கள் என்று அந்த வாரம் முழுக்கப் பேசியவர் அவர்தான்.

வேலை போகவில்லை. அரங்கநாதன் புகார் கொடுத்திருந்தார். விசாரணைக்கு வந்த அதிகாரி, லைன் தானாக அறுந்தது என்று எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவதாகச் சொன்னார். அவள், "நான்தான் பிடுங்கினேன்" என்று எழுதிக் கொடுத்தாள். உளுந்தூர்பேட்டைக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு நாலரைக்கு எழுவது மூன்றரையாக ஆயிற்று. தினமும் போக வர இரண்டு பஸ். சுபஸ்ரீ தானே தலை பின்னிக்கொள்ளக் கற்றுக்கொண்டாள். தீனதயாளன் புளி டப்பாவைக் கண்டுபிடித்தார். ஆனால் டம்ளரைக் கழுவவில்லை.

1989இல் மாநிலத்தில் மிகவும் பிற்படுத்தப்பட்டவர்களுக்கு இருபது சதவீதம் கிடைத்தது. அடுத்த வருடம் ஆகஸ்டில் டில்லியில் மண்டல் அறிக்கையை அமல்படுத்துவதாக அறிவித்தார்கள். அதை எதிர்த்து வடக்கே படிக்கிற பிள்ளைகள் தங்கள் மேல் தீ வைத்துக்கொண்டார்கள். டி.வி.யில் அதைப் பார்த்து, ஒரு பிள்ளையை எரிய விட்டுவிட்டு அதன் பக்கத்தில் நின்று யாரெல்லாம் ஓட்டுக் கணக்குப் போடுகிறார்களோ என்று அம்சவள்ளி நினைத்தாள். அவர்கள் டெலிபோனில் என்ன பேசுவார்கள் என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கேயும் ஒரு தலைவனின் பிள்ளை ஹாஸ்டலில் பத்திரமாகத்தான் இருப்பான்.

அந்த அக்டோபரில் லீவு போட்டுவிட்டுக் கோர்ட்டுக்குப் போனாள். பாவாடையின் கேஸ் மூன்று வருடமாக வாய்தாவில் இருந்தது. தான் கேட்டதைச் சாட்சியாகச் சொல்லத் தயார் என்று அவன் வக்கீலிடம் முன்பே சொல்லியிருந்தாள். கூண்டில் ஏறி, மரத்தை லாரியில் ஏற்ற ஏற்பாடு செய்தது யார் என்று சொல்லத் தொடங்கியதும் சர்க்கார் வக்கீல் எழுந்து, இது இந்த வழக்குக்குச் சம்பந்தம் இல்லாதது என்றார். நீதிபதி தலையை ஆட்டினார். தட்டச்சுச் சத்தம் நின்றது. பாவாடை நோயாளியைக் கொண்டுவந்தான் என்பதை மட்டும் எழுதிக்கொண்டார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் பாவாடை நின்றான். முகம் ஒடுங்கிப் போயிருந்தது. கடைத்தெருவில் சமூக நீதி வெற்றிப் பொதுக்கூட்டத்துக்கு மைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பேசப் போகிறவர்களின் பட்டியலில் அரங்கநாதன் பெயரைப் பெரிதாகச் சொன்னார்கள்.

"அக்கா, இப்ப டில்லியிலயும் குடுத்துட்டாங்களாமே" என்றான் பாவாடை. "எனக்கு எதனா கெடைக்குமா?"

கேஸ் இருப்பவனுக்குப் போலீஸ் நன்னடத்தைச் சான்று கொடுக்க மாட்டார்கள், அது இல்லாமல் எந்த சர்க்காரும் வேலை கொடுக்காது என்று அவனுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனாலும் கேட்டான்.

"இல்லடா பாவாடை. கெடைக்காது" என்றாள்.

"அப்பிடியா?" என்றான். "என் தங்கச்சி பையனுக்காச்சும் கெடைக்கட்டும்க்கா. அதுக்குத்தான வெட்டுனது."

அவனுக்கு இரண்டு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, பொதுக்கூட்டம் தொடங்குவதற்குள் அவள் பஸ் ஏறிவிட்டாள்.

அடுத்த வருடம் போதிய சாட்சி இல்லை என்று பாவாடையை விடுவித்தார்கள். அதற்கு முன்பே அவன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருந்தான். தீர்ப்பைக் கேட்க மட்டும் வந்து போனான். அரங்கநாதன் இரண்டு கட்சி மாறி, ஏதோ ஒரு வாரியத்தில் உறுப்பினரானார். அதே வருடம் சாலம்மாளை அம்சவள்ளி பஸ் ஸ்டாண்டில் பார்த்தாள். குஞ்சம்மாளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று சாலம்மாள் சொன்னாள். மலையிலேயே, அவள் குடிசையிலேயே பிறந்தது. இரண்டு நாள் வலி எடுத்தும், ஜீப் வாசலில் நின்றும், கீழே இறங்க மாட்டேன் என்று கட்டில் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டாளாம்.

"நல்ல வேள, ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆவல" என்றாள் சாலம்மாள்.