இரவல் பாட்டன்மார்

செனட்டர் நுமிசியஸுக்கு வீடு, தோட்டம், தொந்தி எல்லாம் இருந்தன; சொல்லிக்கொள்ள ஒரு பாட்டன்தான் இல்லை. கூடத்து அலமாரியில் வரிசையாக இருந்த ஆறு மெழுகு முகமூடிகளும் மனைவி கல்வீனாவின் முன்னோர்கள், ஒரு காலத்தில் கன்சல்களாக ரோமை ஆண்டவர்கள். விருந்தாளிகளிடம் அவர் "நம்ம தாத்தாக்கள்" என்றுதான் காட்டுவார். கேட்டுக் கேட்டு அலுத்த கல்வீனா ஒரு நாள் எல்லோர் முன்னாலும் சிரித்துவிட்டாள்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. "உன் பொருளை எடுத்துக்கிட்டுக் கிளம்பு" என்றார். ரோமில் ஒரு கல்யாணத்தை அறுக்க அந்த ஒரு வாக்கியம் போதும். அவள் அப்பா வீட்டுக்குப் போனாள். ஆறு பாட்டன்மாரும் அவளோடு போனார்கள்.

மூன்றாம் நாள் நுமிசியஸின் அப்பா செத்துப்போனார். பாவம், நல்ல மனுஷர். தெருமுனைகளில் பானை வைத்து ஊரார் மூத்திரத்தைச் சேர்த்து, அதில் துணி வெளுத்தே மகனை செனட் வரை ஏற்றிவிட்டவர். பெரிய வீட்டுச் சாவு என்றால், கூலிக்கு வரும் நடிகர்கள் முன்னோர் முகங்களை மாட்டிக்கொண்டு பாடைக்கு முன்னால் நடக்க வேண்டும்; மகன் மேடையேறி அவர்கள் பெருமையைப் பேச வேண்டும். அடுத்த மாதம் கன்சல் தேர்தலில் நிற்கிறவர் வெறும் பாடையோடு போனால் ஊர் சிரித்தே தோற்கடித்துவிடும்.

வெட்கத்தை விட்டு, முகங்களை இரவல் கேட்க மாமனார் வீட்டுப் படியேறினார். கல்வீனா உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"மாமாவுக்காகத் தர்றேன். ஆனா நாளைக்கு மேடையேறிப் பேசுறப்ப, இவங்க யாரு, உங்கப்பா யாருன்னு உள்ளபடி சொல்லணும்."

சொன்னார்.  முகம் மாட்டிய நடிகர்கள் ஆறு கன்சல்களாக யானைத்தந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருக்க, இவர்கள் என் மனைவியாக இருந்தவளின் வீட்டார், என் அப்பா துணி வெளுத்தவர் என்றார்.  கூட்டத்தில் ஒரு கிழவர், "என் அங்கிய முப்பது வருஷம் வெளுத்த மனுஷன்யா" என்று விம்மினார். ஊரே விம்மியது. தானும் அழுத பிறகுதான், அப்பாவுக்காக இதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்பது நுமிசியஸுக்கு உறைத்தது.

சிதை அடங்கியதும் பழைய மிடுக்கு திரும்பிவிட்டது. முகங்களைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகும்படி நடிகர்களுக்குக் கை காட்டினார். அவர்கள் கூட்டத்தில் நின்ற கல்வீனாவைப் பார்த்தார்கள். அவள் தன் அப்பா வீட்டுத் தெருவைக் காட்டினாள்.

"மாமா சாவுக்குத்தான் இவங்களக் கூட்டிட்டு வந்தேன்," என்றாள். "உங்க சாவுக்கு யாரைக் கூப்பிடுவீங்களோ, இப்பவே பார்த்து வச்சுக்குங்க."