ஒரு படைக்கு ஒரு பெயர்

2025 மார்ச் 4, செவ்வாய். லண்டன் பொலிஸ் ஆணையாளரை மேயர்தான் நியமிக்கிறார் என்று இன்று வகுப்பில் சொல்லிவிட்டேன். பிழை. மேயர் தன் கருத்தைச் சொல்லலாம். உள்துறை அமைச்சரின் பரிந்துரைப்படி நியமிப்பவர் அரசர். சின்னப் பிழைதான். ஆனாலும் சரிபார்க்காமல் கை உயர்த்தினேன்.

இதைத் தன் நாட்குறிப்பில் எழுதிவிட்டுக் கம்சிகா மறுபடி வாசித்துப் பார்த்தாள். வேறு எதையெல்லாம் சரிபார்க்காமல் விட்டிருப்போம் என்ற யோசனை வழக்கம்போல வந்தது. பகலில் பல் வைத்தியர் ஒருவரின் வரவேற்பு மேசை, வாரத்தில் இரண்டு மாலை குரொய்டனில் பொது நிர்வாக வகுப்பு. அந்த வகுப்பில் அவளைச் சேர்த்துவிட்டது அண்ணன் றஜீவன். தீயணைப்புப் படையில் பகுதிப் பொறுப்பதிகாரியாக இருந்துகொண்டே அவனும் இப்படி இரவிரவாகப் படித்துத்தான் பட்டம் எடுத்தான்.

அந்தப் பட்டத்துக்கு இப்போதுதான் ஒரு பயன் வந்திருந்தது. கடலோரத்துச் சிறு நகரமொன்றின் தீயணைப்புத் தலைமை அதிகாரி ஓய்வு பெறுகிறார். அப்படியொரு கதிரை காலியாவது அபூர்வம். கேட்டிருந்த தகுதிகளைத் தை மாதமே அண்ணனும் தங்கையும் சமையலறை மேசையில் அமர்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பெரும் தீ விபத்துகளை முன்னின்று நடத்திய அனுபவம், இருந்தது. முகாமைத்துவப் பட்டம், இருந்தது. மேலதிகாரி இல்லாதபோது அவர் பதவியில் பதில் கடமை பார்த்த காலம், தேவைக்கு மேலேயே இருந்தது. மிச்சம் ஒன்றுதான்: விண்ணப்பிப்பவருடைய இப்போதைய தலைமை அதிகாரியின் ஆதரவு. ஒரு படையிலிருந்து ஒருவருக்குத்தான் அதைக் கொடுக்கலாம்.

"அதைக் கடைசிக் கிழமையிலை கேட்பம்," என்றாள் கம்சிகா. "உங்கடை சீஃபுக்கு உங்களிலை விருப்பம்தானே. முதலே கேட்டா நிலையம் முழுக்கத் தெரிஞ்சிடும்."

"அதுதான் சரி," என்றாள் அம்மா சிவனேஸ்வரி, அடுப்படியிலிருந்து திரும்பாமலே. "கை கூடுமட்டும் ஒருத்தருக்கும் வாய் திறக்கக் கூடாது. ஆற்றை கண் எப்பிடியெண்டு ஆருக்குத் தெரியும்."

அந்த வீட்டில் எல்லாம் அப்படித்தான். நோர்பரியில் இந்த வீட்டை வாங்கியபோது, பக்கத்திலேயே தோர்ண்டன் ஹீத்தில் இருந்த சொந்த மாமாவுக்கே பால் காய்ச்சுகிற நாளன்றுதான் தெரியும். அவர் ஒரு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கம்சிகாவுக்குக் கண்ணூறில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் திட்டத்தின் கடைசிப் படியாக ஆதரவை வைத்தபோது, அது ஒழுங்கான வேலைமுறை என்றே அவள் நினைத்தாள்.

விண்ணப்பம் இந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. புதன் காலை றஜீவன் சப்பாத்தை இரண்டு தரம் துடைத்துக்கொண்டு போனான். மாலை திரும்பி வந்து, மேற்சட்டையைக் கழற்றாமலே கதிரையில் இருந்தான்.

"என்ன அண்ணா, கேட்டனீங்களோ?"

"கேக்கேல்லை."

"ஏன்? அவர் இல்லையோ?"

"இருந்தவர். நல்ல சந்தோசமா இருந்தவர்." அவன் மேசையைப் பார்த்தபடி சொன்னான். "நான் வாய் திறக்க முதல் அவரே சொன்னார், அந்த வேலைக்கு ஒலிவருக்குச் சப்போர்ட் குடுத்திட்டாராம். போன கிழமையே அனுப்பியாச்சாம்."

ஒலிவர், றஜீவனிடம் குழாய் பிடிக்கப் பழகியவன். இப்போது பக்கத்துப் பகுதியின் பொறுப்பதிகாரி.

"அவனுக்கு இந்த வேலை வேணுமெண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

"தெரியாமல் என்ன? கன்ரீனிலை பீன்ஸ் திண்டுகொண்டு போன வருசமே சொன்னவன், நான் ஒருநாள் சீஃபா வருவன் எண்டு. நாங்கள் எல்லாரும் சிரிச்சம். நான்தான் எல்லாரிலும் கூடச் சிரிச்சன்."

"இப்பவாவது சொல்லுங்கோ. நாளைக்கே போய்ச் சொல்லுங்கோ. அவர் மாத்தித் தருவார்."

"எப்பிடிச் சொல்லுறது, கம்சி? இப்ப சொன்னா, அந்தப் பொடியனுக்குக் குறுக்கை வந்து நிண்டவன் எண்டுதான் ஆகும்." சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தான். "சீஃப் என்ன சொன்னவர் தெரியுமோ? 'றாஜ், உனக்கு உந்த ஆசையெல்லாம் இல்லையெண்டு எனக்குத் தெரியும். அதாலை ஒலிவரை இன்ரவியூவுக்குப் பழக்க உன்னை விட்டா நல்ல ஆள் இல்லை' எண்டார்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஓம் எண்டிட்டன்."

 கடைசிக் கிழமை என்று சொன்னது கம்சிகாவின் வாய். அன்று விண்ணப்ப விதிகளை வாசித்து விளங்கியது, 'ஒருவருக்குத்தான்' என்ற சொல்லைக் கண்டது, எல்லாம் அவள். அந்த ஒருவர் வேறொருவராகவும் இருக்கலாம் என்பது மட்டும் தோன்றவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தாள். அண்ணனின் முகத்தைப் பார்த்தபோது, கேட்டால் அவன்தான் அவளைத் தேற்ற வேண்டிவரும் என்று பட்டது. விட்டுவிட்டாள்.

அம்மா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தாள். அவளுடைய கை மகனின் தலையில் கொஞ்ச நேரம் இருந்தது.

"விடு ராசா. நல்ல காலம், ஒருத்தருக்கும் சொல்லேல்லை. கேக்கிறதுக்கும் ஆள் இல்லை, சிரிக்கிறதுக்கும் ஆள் இல்லை."

றஜீவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அம்மா உள்ளே போய்விட்டாள்.

"கம்சி, எனக்கெண்டு இன்ரவியூக் கேள்வி கொஞ்சம் தயாரிச்சனி எல்லே?"

"ஓம்."

"அதைத் தா. சனி பின்னேரம் ஒலிவர் வாறான். அவன் கெட்டிக்காரன், பிழை சொல்ல ஏலாது. கதைக்கேக்கைதான் அவசரப்படுவான்."

"அதிலை உங்கடை அனுபவங்கள்தானே முழுக்க எழுதியிருக்கு. அந்த மரக்களஞ்சியத் தீ, அந்த மாடிவீடு..."

"அதுகளை வெட்டிவிடு. கேள்வி மட்டும் போதும்."

அவன் எழுந்து போனான். தேத்தண்ணி அப்படியே ஆறிக்கிடந்தது. கம்சிகா அன்றைய பக்கத்தில் எதுவும் விரிவாக எழுதவில்லை. தன் பிழை எதுவென்று எழுதத் தொடங்கினால் நிறுத்த முடியாது என்று பயந்தாள். அடியில் ஒரு வரி மட்டும் எழுதினாள்.

நாளை: கேள்விகளிலிருந்து அண்ணனின் பெயரை எடுத்துவிட்டு, வேலை முடிந்து வரும் வழியில் நூலகத்தில் ஒரு பிரதி அச்சிட வேண்டும்.