டாக்டர் சொன்ன வெடிப்பு

பட்டறையில் எல்லோரும் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மனிதர்களுக்கு அவர் ஒரு மாத்திரைகூடக் கொடுத்தது கிடையாது. ஃபைபர் படகு எதைக் கொண்டுவந்து போட்டாலும் குனிந்து, காதைப் பக்கத்தில் வைத்து, விரல் மோதிரத்தால் டொக் டொக்கென்று தட்டிப் பார்த்து எங்கே நோவு என்று சொல்லிவிடுவார். அதில் வந்த பெயர். நம்ம டாக்டரிடம் வந்த நோயாளி யாரும் இதுவரை கூலி கொடுக்காமல் செத்ததில்லை என்று ஒரு கேலி அங்கே உண்டு. அவரே அதைச் சொல்லிச் சிரிப்பார்.

பட்டறைக்குப் பின்னால் ஒரு நீளக் கொட்டகை. கடலில் தூண்டில் போடப் போகிறவர்கள் தங்கள் கயாக்குகளை அங்கே விட்டுவைத்திருந்தார்கள். கயாக் என்றால் ஒற்றை ஆள் உட்கார்ந்து துடுப்புப் போடுகிற ஒல்லிப் படகு. நடுவில் ஆள் உட்காரும் குழி, முன்னும் பின்னும் மூடி போட்ட அறைகள். அந்த அறைகளுக்குள் காற்று இருக்கிறவரை குழியில் எவ்வளவு தண்ணீர் ஏறினாலும் படகு மிதக்கும். குழிக்கும் அறைக்கும் நடுவில் ஒரு தடுப்பு. வெளியில் இருந்து பார்த்தால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

வைக்கிற விஷயத்தில் டாக்டர் சரியான கண்டிப்புக்காரர். வெயில் படக் கூடாது. இரண்டு நுனியிலும் கயிறு கட்டித் தொங்கவிடக் கூடாது, நடு முதுகு தொய்ந்துவிடும். மெத்தை சுற்றிய கட்டைகளின் மேல் கவிழ்த்துத்தான் வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அறை மூடிகளைத் தளர்த்தி வைக்க வேண்டும். இறுக்கி மூடினால் பகல் சூட்டில் உள்ளே இருக்கிற காற்று விரிந்து தடுப்பைத் தள்ளும், இரவில் சுருங்கி இழுக்கும். தள்ளியும் இழுத்தும் ஒருநாள் ஒட்டு விட்டுப்போகும். மூடியைத் திருகி இறுக்கிவிட்டுப் போகிற ஆசாமி எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

அவருடைய மாப்பிள்ளை டைல்ஸ் போடுகிறவர். வாரம் முழுக்க முட்டி தேயத் தரையில் குந்தியிருக்கிற மனிதருக்கு, விடுமுறை நாளில் கரை கண்ணுக்குத் தெரியாத தூரம் போய்த் தூண்டில் போட வேண்டும் என்று ஆசை. சிநேகிதரான ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கிடம் ஒரு பழைய பிளாஸ்டிக் கயாக்கை இரவல் வாங்கிக் கரையோரமாகவே சுற்றிக்கொண்டிருந்தார். ஆழத்துக்குப் போக வேண்டும் என்றால் ஃபைபர்தான், நீளமாக, லேசாக, அலையை வெட்டிக்கொண்டு நேராகப் போகும் என்று ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் வாயைக் கொடுத்தது டாக்டரேதான். மாப்பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டார். நீங்களே ஒண்ணு பார்த்துச் சொல்லுங்க மாமா, நீங்க தட்டிச் சரின்னு சொன்னா கண்ணை மூடிக்கிட்டு வாங்கிடுவேன் என்றார்.

மறுநாளே மகள் பட்டறைக்கு வந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சாப்பாட்டு இடைவேளையில் ஓடி வந்திருந்தாள், விரலில் சாக்பீஸ் தூள்கூடப் போகவில்லை. அவர் கரையோரம் போகிற நாளிலேயே திரும்பி வருகிறவரைக்கும் தனக்குச் சோறு இறங்குவதில்லை என்றாள். ஆழத்துக்குப் போனால் தன்னால் தாங்க முடியாது, சொன்னால் அவர் சிரிக்கிறார், சண்டை போட்டால் முகம் வாடிப்போகிறார் என்றாள். பிறகு வந்த விஷயத்தைச் சொன்னாள்.

"அவர் எதைக் காட்டினாலும் சரியில்லன்னு சொல்லிடுங்கப்பா. உங்க பேச்சை மட்டும்தான் கேட்பார். ரெண்டு மூணு தடவை ஆனா அலுத்துப்போய் விட்டுடுவார்."

டாக்டருக்கு இது பிடிக்கவில்லை. நாற்பது பேருக்கு நடுவில் அவர் சொல்லுக்கு இருந்த மரியாதை அந்தத் தட்டலில்தான் இருந்தது. ஆனால் பெற்ற பெண் கண் கலங்கி நின்றால் அவருக்கு முதுகெலும்பே இருக்காது. பார்க்கலாம் போ என்றார். அவள் அதையே சரி என்று எடுத்துக்கொண்டு போனாள். அவரும் அந்த அர்த்தத்தில்தான் சொன்னார் என்பது அவருக்கே தெரியும்.

முதலில் மாப்பிள்ளை காட்டியது உண்மையிலேயே கழிசடை. யாரோ வருஷக்கணக்கில் வெயிலில் போட்டு வைத்திருந்தார்கள், தொட்டால் கையில் மாவு மாதிரி ஒட்டியது. வேண்டாம் என்று சொல்ல டாக்டருக்குக் கஷ்டமே இல்லை. அடுத்தது சுமார். கொஞ்சம் வேலை செய்தால் தேறும். அதையும் அடியில் சத்தம் மந்தமா இருக்கு, உள்ளே பிரிஞ்சிருக்கு என்று தள்ளிவிட்டார். அதில் அரை உண்மை இருந்தது, அதனால் அன்றைக்குத் தூக்கம் வந்தது.

மூன்றாவதுதான் தொண்டையில் முள்ளாக நின்றது. ரிட்டையர் ஆன போஸ்ட்மாஸ்டர் ஒருவருடையது. முட்டி வலி வந்து இனிமேல் குழிக்குள் காலை நீட்டி உட்கார முடியாது என்று கொடுக்க நினைத்தார். அது இருந்ததே டாக்டரின் கொட்டகையில், டாக்டர் கைப்பட வைத்த கட்டையின் மேல். அதன் தடுப்புகள், விளிம்பு, அடி எல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்தக் கொட்டகையில் ஆழத்துக்குத் தகுந்த கயாக் ஒன்று உண்டென்றால் அது அதுதான். அடியில் மேல்பூச்சில் மட்டும் தலைமுடி போல ஒரு கீறல். நகத்தால்கூடப் பிடிக்க முடியாது.

மாப்பிள்ளை பக்கத்தில் குழந்தை மாதிரி நின்றுகொண்டிருந்தார். டாக்டர் மோதிரத்தால் தட்டினார். மணி மாதிரி கேட்டது. இன்னொரு தரம் தட்டிவிட்டு, அந்தக் கீறலைக் காட்டி, இது உள்ளே ஓடுது மாப்பிள்ளை, ஆழத்துல ஒரு அடி வாங்கினா ரெண்டாப் பொளந்துடும் என்றார். சொல்லும்போதே வாய் கசந்தது. மாப்பிள்ளை அந்தக் கீறலை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். நல்லவேளை மாமா, நான் பார்த்திருந்தா கவனிச்சிருக்கவே மாட்டேன் என்றார். நன்றி வேறு சொன்னார்.

போஸ்ட்மாஸ்டருக்கு விஷயம் போனதும் மனிதர் கொதித்துவிட்டார். நேராக டைல்ஸ் வேலை நடக்கிற இடத்துக்கே போய், உன் மாமனார் கையில வளர்ந்த படகுய்யா அது, அதுல வெடிப்புன்னா அந்தக் கொட்டகையில ஒண்ணுமே தேறாது, அவருக்கு உன்னைக் கடலுக்கு அனுப்ப மனசில்ல, அதைச் சொல்லத் தைரியம் இல்ல என்று சொல்லிவிட்டு, படகையும் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளை அதற்காக யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. பட்டறைக்கு வருவதை மட்டும் நிறுத்திவிட்டார். மகள் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தாள்.

கொஞ்ச நாள் கழித்து அவளிடமிருந்து போன் வந்தது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

"வாங்கிட்டாருப்பா. வீட்டுக்கே கொண்டுவந்துட்டார். ஞாயித்துக்கிழமை மெக்கானிக் அண்ணனோட போறாராம்."

டாக்டர் சனிக்கிழமை சாயங்காலமே கிளம்பிப் போனார். எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது என்று வழியெல்லாம் யோசனை. மாப்பிள்ளை குறையில்லாமல் வரவேற்றார். நாற்காலி போட்டார், டீ போடச் சொன்னார், கால் வீக்கம் எப்படி இருக்கு மாமா என்று விசாரித்தார். அந்த மரியாதைதான் டாக்டரை அதிகமாகச் சுட்டது. இப்படி ஒரு நல்ல மனுஷனை ஏமாற்றினோமே என்று உள்ளுக்குள் குமைந்தார்.

கயாக் வீட்டுப் பின்புறம் துணி போர்த்திக் கிடந்தது. லாட்ஜ் நடத்துகிற ஒருவரிடம் வாங்கியதாக மாப்பிள்ளை சொன்னார். அந்த ஆள் ஒரே ஒரு தடவை கடலுக்குப் போய் வாந்தி எடுத்ததோடு சரி, அன்றிலிருந்து மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் சுற்றிக் கட்டி அப்படியே வைத்திருந்தாராம். புதுசு மாதிரி மின்னியதாம். மாமா சொல்லிக் கொடுத்தபடியே அடி முழுக்க அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்த்தாராம். ஒரு மந்தச் சத்தம் இல்லை, ஒரு கீறல் இல்லை, வெயில் வெளுப்பு இல்லை.

டாக்டருக்கு அப்போதுதான் உறைத்தது. தான் பொய் சொல்லக் காட்டிய இடங்களையெல்லாம் இந்த மனிதர் பாடமாகப் படித்து வைத்திருக்கிறார். தான் காட்டாத இடத்தை இவர் தொட்டே பார்த்திருக்க மாட்டார்.

"மூடி ரெண்டும் எப்படி வெச்சிருந்தாங்க, மாப்பிள்ளை?"

"ஒரு தூசி போகல மாமா. திருகி இறுக்கி, மேல டேப்பும் சுத்தி வெச்சிருந்தார்."

தகரக் கூரை. அதற்குக் கீழே இறுக்கி மூடிய அறைகள். டாக்டர் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்றார்.

மாப்பிள்ளை எழுந்து குறுக்கே நின்றார். முரட்டுத்தனமாக இல்லை. சிரித்துக்கொண்டுதான் நின்றார்.

"வேணாம் மாமா. நீங்க கை வெச்சா இதுக்கும் ஏதாவது நோய் வந்துடும்."

"பின்னாடி தடுப்பை மட்டும் கையை விட்டுப் பாருங்க. அந்தச் சூட்டுல ஒட்டு விட்டிருக்கும்."

"பார்த்தீங்களா? இன்னும் துணியைக்கூட எடுக்கல, அதுக்குள்ள வந்துடுச்சு."

சமையலறை வாசலில் மகள் நின்றிருந்தாள். டாக்டர் அவளைப் பார்த்தார். இதுவரைக்கும் சொன்னது பொய், இது மட்டும் நிஜம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்தப் பொய் யாருக்காக என்ற அடுத்த கேள்வி வரும். புருஷன் முன்னால் மகள் தலை குனிந்து நிற்பதை அவரால் கற்பனை செய்யவே முடியவில்லை. அவளும் வேண்டாம்ப்பா என்கிற மாதிரிதான் பார்த்தாள். டாக்டர் வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டார். ஜாக்கிரதை மாப்பிள்ளை என்று மட்டும் சொன்னார். எப்பேர்ப்பட்ட அறிவுரை! அதைச் சொல்லவா அவ்வளவு தூரம் போனார்?

நடந்ததை மெக்கானிக் சொல்லித்தான் எல்லோருக்கும் தெரியும். போகும்போது கடல் தட்டுப் போலக் கிடந்ததாம். மத்தியானம் காற்று திரும்பியது. ஒரு அலை பக்கவாட்டில் வந்து மாப்பிள்ளையின் குழியை நிரப்பிவிட்டுப் போனது. அதில் பயமில்லை, எல்லோருக்கும் நடப்பதுதான். கைப்பம்பால் தண்ணீரை இறைத்துக்கொண்டே, பெரிய மீன் பிடிச்சிட்டேன், கடல் கோவிச்சுக்குது என்று மெக்கானிக்கிடம் கத்திக் கேலிகூடச் செய்தாராம். அப்புறம்தான் இறைக்க இறைக்கப் பின்பக்கம் கீழே போவதை மெக்கானிக் பார்த்தார். தண்ணீர் வெளியே போவதற்குப் பதில் பின் அறைக்குள் போய்க்கொண்டிருந்தது. படகு பின்பக்கமாக உட்கார்ந்து, மூக்கைத் தூக்கி நின்றது. மாப்பிள்ளை அந்த மூக்கைக் கட்டிக்கொண்டு தொங்கினார். மெக்கானிக் தன் கயாக்கைக் கிட்டே கொண்டுபோகப் பார்த்தார், ஒவ்வொரு தடவையும் அலை பிரித்துப் போட்டது. கடைசியில் அவரும் கவிழ்ந்துவிட, ஒரு விசைப்படகு வந்து அவரைத் தூக்கிய நேரத்தில் அங்கே படகின் நுனி மட்டும்தான் தெரிந்தது. அலை முகத்தில் அடித்து அடித்து மாப்பிள்ளைக்கு மூச்சு நின்றுபோயிருந்தது; லைஃப் ஜாக்கெட் போட்டிருந்ததால் உடம்பு கிடைத்தது.

காரியங்களெல்லாம் முடிந்து, விசாரணையும் முடிந்த பிறகு, கயாக்கை என்ன செய்வது என்று தெரியாமல் மெக்கானிக் அதை டாக்டரின் பட்டறையில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். பட்டறை ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே நழுவினார்கள். டாக்டர் வெகுநேரம் தள்ளியே நின்றார். பிறகு கிட்டே போய்ப் பழக்கதோஷத்தில் அடியைத் தட்டினார். முன்னாலிருந்து பின்னால்வரை நல்ல சத்தம். மாப்பிள்ளை சரியாகத்தான் பார்த்திருக்கிறார், ஒரு குறை சொல்ல முடியாது.

பின் மூடியைக் கழற்றிக் கையை உள்ளே விட்டார். தோள்வரைக்கும் போக வேண்டியிருந்தது. தடுப்பின் விளிம்பைத் தடவிக்கொண்டே அடிப்பக்கம் வந்தபோது விரல் அந்தப் பக்கம் போய்விட்டது. இன்னொரு விரலும் போனது. கண்ணால் பார்க்கக்கூட வேண்டாம், கையை விட்டிருந்தாலே போதும்.

பின்னால் அரவம் கேட்டது. மகள் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அழுது ஓய்ந்த முகம், அதில் இப்போது ஒன்றுமே இல்லை. அப்பாவின் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தாள்.

"அன்னிக்கு வீட்டுல சொன்னீங்களே, பின்னாடி தடுப்பைப் பாருங்கன்னு. அது நெஜமாவே தோணிச் சொன்னீங்களா, இல்ல நான் கேட்டுக்கிட்டதுக்காகச் சொன்னீங்களா?"

டாக்டருக்கு ஒரு கணம் இன்னொரு பொய் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. சும்மாதான் சொன்னேன், யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டால் இவள் மனசாவது ஆறும். ஆனால் பொய் சொல்லிச் செய்த உபகாரமெல்லாம் போதும் என்று இருந்தது அவருக்கு. வாய்மூடி இருந்த பாவம் தன்னோடு போகட்டும், இவளுக்கு இனிமேல் உண்மையைத் தவிர எதுவும் கொடுக்கக் கூடாது.

"நெஜமாத்தாம்மா சொன்னேன். மூடி இறுக்கி வெச்சிருந்தாங்கன்னு சொன்னதுமே தெரிஞ்சுபோச்சு."

அவள் தலையை ஆட்டினாள். பக்கத்தில் கிடந்த கட்டையின் மேல் மெல்ல உட்கார்ந்தாள். பேச ஆரம்பித்தபோது, வகுப்பில் கணக்குச் சொல்லித் தருகிற மாதிரி நிதானமாகத்தான் பேசினாள்.

"நீங்க போனதும் அவருக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சுப்பா. மாமா சொன்னதுல ஏதாவது இருக்குமோ, எதுக்கும் ஒரு தடவை கையை விட்டுப் பார்த்துடறேன்னு எழுந்துட்டார். மூடியில கையைக்கூட வெச்சுட்டார். அவர்கிட்ட இதுக்கு மேல மறைக்கக் கூடாதுன்னு எனக்குத் தோணிச்சு. அப்பா சொல்றது எதுவுமே நெஜம் இல்லங்க, எல்லாமே நான் சொல்லச் சொன்னதுதான்னு சொல்லிட்டேன்."

அப்பா கழற்றி வைத்த மூடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கோபப்படவே இல்லப்பா. அப்பாடான்னு சிரிச்சுட்டு மூடியை இறுக்கிட்டார்."